எழுந்து நின்ற நாற்காலி

சிவன்மலை ஆண்டவர் சாட்சியாக, சூடத்தை அணைத்துச் சொல்வது: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. எங்காவது நம்ப முடியாதபடி இருந்தால் அது நடந்ததன் குற்றம். சொன்னதன் குற்றம் அல்ல.

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகிற வழியில் அப்புசாமிக்கு ஒரு தோட்டம் உண்டு. தோட்டத்தில் ஒரு கிணறு, இரண்டு மாடு, ரங்காத்தாள் என்று ஒரு மனைவி. ரோட்டோரம் இருந்த புன்செய்க் காட்டை மட்டும் முன்னொரு காலத்தில் வெள்ளாங்காட்டு நிட்ஸ் லிமிடெட் என்கிற பனியன் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ரொக்கம் கேட்டபோது, கம்பெனியை ஆரம்பித்த குப்பண்ணன், "ரொக்கம் செலவாயிருமப்பா. பங்கு குடுத்தறேன், அது செலவாகாது" என்றார். அந்த வாக்கு இன்றுவரை தவறவில்லை. லேமினேட் செய்த பங்குப் பத்திரம் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அதைக் கொடுத்து ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடிந்ததில்லை.

கம்பெனி பெரிதானது. குப்பண்ணன் 'பெரிய மொதலாளி' ஆகி, பிறகு வயதாகி வீட்டோடு இருந்துவிட்டார். மகன்கள் இரண்டு பேரும், லண்டனில் படித்துவிட்டு வந்த பேரன் நித்தீஷும் நடத்தினார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறை, இந்தப் பக்கம் அப்புசாமியின் கிணறு. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளாண்ட்டில், சாயத்தைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற சவ்வு ஒன்று உண்டு. மெம்பரேன் என்பார்கள். அது கிழிந்துபோனதிலிருந்து கிணற்றுக்கு நிறம் வந்தது.

ஒரு நிறம் என்றால் பழகிக்கொள்ளலாம். ஐரோப்பாவுக்கு என்ன ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம். ஒரு வாரம் எலுமிச்சை, ஒரு வாரம் வெங்காயத்தோல், கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்தால் ரத்தச் சிவப்பு. அடுத்த வருடம் வெள்ளைக்காரன் உடுத்தப்போகிற நிறத்தை அப்புசாமியின் மாடுகள் இந்த வருடமே குடித்தன. போட்டிக் கம்பெனிகளில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர்கள் விடியற்காலையில் பைக்கில் வந்து, வாளித் தண்ணீரில் ஷேடு கார்டு என்கிற நிற அட்டையை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். அமாவாசைச் சோற்றுக்கு வந்த காக்கை தென்னங்குருத்துப் பச்சையில் இருந்தது. அதை முன்னோர் என்று ஒப்புக்கொள்ள ரங்காத்தாளுக்கு மனம் வரவில்லை. பால் வாங்கிக் கடைகிற பழனாயி, ஒருநாள் லாவெண்டர் நிறத்தில் வெண்ணெய் திரண்டதாகவும், அதை வாங்கிப்போன திருப்பூர் வீட்டுக்காரர்கள் சோப்பு என்று நினைத்துக் குளியலறையில் வைத்துவிட்டதாகவும் வந்து அழுதாள். அன்றோடு பால் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

இவற்றையெல்லாம் அப்புசாமி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது செவலை மாட்டின் பார்வை. அது தொட்டிக்கு வரும், மூக்கை வைத்து மோந்து பார்க்கும், குடிக்காமல் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்க்கும். கேள்வி கேட்கிற மாதிரி பார்க்கும். நாளாக ஆக அதன் விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

கம்பெனி ஆபீசுக்கு நடந்தார். நித்தீஷ் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, தன் கையாலேயே ஆற்றிக் கொடுத்தான். தனக்கு எந்தக் காரியமும் ஆக வேண்டியிராத பெரியவர் யாரையும் அவன் தாத்தா முறை வைத்து 'அப்புச்சி' என்றுதான் கூப்பிடுவான்.

"இந்த வருசம் ஃபண்டு டைட்டுங்க அப்புச்சி. ரண்டுல ஒண்ணுதான் பண்ண முடியும். ஒண்ணு பிளாண்ட்டுக்கு மெம்பரேன். இல்லீன்னா டைரக்டர்களுக்குச் சம்பளம் கூட்டறது. சம்பளம் வேண்டாமுன்னு பங்குதாரருங்க நீங்க சொல்லிட்டீங்கன்னா, அத்தனையும் மெம்பரேனுக்கே போட்டர்றோமுங்க. நான் வாக்குக் குடுக்கறேன்."

பொய் சொல்லவில்லை அவன். பெரிய கம்பெனிகளுக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. நடத்துகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சம்பளம் போட்டுக்கொள்ளக் கூடாது. வருடத்துக்கு ஒரு தரம் பங்குதாரர்களைக் கூட்டி, இவ்வளவு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கோழிகளைக் கூட்டிவைத்துக் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரிதான். இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த வருடம் இரண்டு மகன்களுக்கும் இரட்டிப்புச் சம்பளம், நித்தீஷுக்குப் புதிதாக ஒரு சம்பளம், வீட்டில் படுத்திருக்கிற பெரிய மொதலாளிக்கு ஆலோசனைக் கட்டணம் என்று தீர்மானம் வந்திருந்தது.

அப்புசாமி சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ரங்காத்தாளிடம் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, ஆராவது ஒருத்தரு மூஞ்சியப் பாத்து வேண்டாமுன்னு சொல்லியிருக்கறீங்களா நீங்க, பொறந்ததுல இருந்து?"

அவர் யோசித்துப் பார்த்தார். யோசிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்த வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் மூன்று இருந்தது. விற்க வந்த பையன்கள் மூன்று பேர், மூன்று பேரிடமும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் மூன்று மிஷினுக்குள்ளும் புகுந்து வெளியே வரும்போது நிறம் இன்னும் பளிச்சென்று இருந்தது, அது வேறு கதை. சோமனூரில் ஒரு சாவுக்குப் போகிற வழியில், கண்டக்டர் தானாகவே "கோயமுத்தூருங்களா?" என்று கேட்டுவிட்டான் என்பதற்காகக் கோயமுத்தூருக்கே டிக்கெட் எடுத்து, போய்த் திரும்பி வந்தவர் அவர். அதற்குள் அங்கே பிணத்தை எடுத்துவிட்டார்கள்.

"இந்தத் தடவை சொல்லுவேன் அம்மிணி," என்றார். "மாடு பாக்குது."

அவள் முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மாடு அவளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

போன வருடம் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கூட்டத்தில், சம்பளத் தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். சொல்லி முடிக்கவில்லை, மேடையில் மூத்த மகன் எழுந்து சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஒருத்தர் கும்பிட்டால் பதில் கும்பிடு போடாமல் இருக்கிற கையை இந்தப் பக்கத்தில் எந்தத் தாயும் பெற்றதில்லை. மண்டபம் முழுக்கக் கை மேலே போனது. அத்தனையும் எண்ணி, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆகவே இந்தத் தடவை கையைக் கட்டுப்படுத்த வேண்டும். அதற்கு அப்புசாமிக்குத் துணையாகக் கிடைத்தவர் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கம்பெனியிலேயே டைலராக இருக்கிறவர். ஒரு தீபாவளிக்குப் போனஸ் கொடுக்க முடியாமல் தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள், அப்படிப் பங்குதாரர் ஆனவர். அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கும் தண்ணீர் அந்தக் கிணற்று ஊற்றிலிருந்துதான். அவருடைய மனைவி நதியா துவைக்கிற வெள்ளைச் சட்டையெல்லாம் மாதா கோயிலுக்குப் போகும்போது பூப்போட்ட மாதிரி இருக்கும்.

"கையை வைச்சுக்கிட்டுதான அண்ணாச்சி வம்பு," என்றார் சகாயராஜ். "தொடைக்கு அடியில வைச்சு மேல உக்காந்துக்கிட்டா? எவன் கும்பிட்டா நமக்கென்ன?"

யோசனை நல்ல யோசனை. இருவரும் மொபெட்டில் பங்குதாரர்களின் வீடுவீடாகப் போனார்கள். போன இடத்திலெல்லாம் காப்பி கொடுத்தார்கள். அப்புசாமி எதையும் மறுக்காததால் அன்றைக்கெல்லாம் அவர் வயிறு ஆடிய ஆட்டத்தை வண்டிச் சத்தத்துக்கு மேல் சகாயராஜ் கேட்டார். எல்லோரும் சம்மதித்தார்கள். நஞ்சம்மாள் என்கிற கிழவி, அதே ரோட்டோரத்தில் தன் காட்டையும் கொடுத்தவள், கையை நம்ப முடியாது என்று முந்தானையில் முடிந்துகொள்ளப் போவதாகவே சொன்னாள். வீட்டுவாசலில் ஒத்திகைகூட நடந்தது. சகாயராஜ் கும்பிடுவார், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கை மேல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் எல்லோருக்கும் வேர்த்தது. பழகப் பழக, ஒரு மனிதன் கும்பிடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் முடிகிற காரியம்தான் என்று தெரிந்தது. நஞ்சம்மாள் மட்டும், இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று கேட்டாள். கிணற்றில் கழுவலாம், தண்ணீர் நல்லதானபின், என்றார் அப்புசாமி. அது அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே கடுமையான பேச்சு.

கூட்டத்துக்கு முந்தின நாள் ரங்காத்தாள் அவர் துண்டை எடுத்து உதறி, ஒரு யோசனை சொன்னாள். கை சரி, உங்கள் கால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், யாராவது வாங்க என்றால் எழுந்து பின்னாலேயே போய்விடுவீர்கள், எதற்கும் இடுப்போடு சேர்த்து நாற்காலியில் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் அதற்கும் சரி என்றார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் அங்கே கல்யாணம். மேடைக்குப் பின்னால் 'அக்ஷரா – அருள்குமார்' என்று பூவால் எழுதியதைக் கழற்ற நேரமில்லை. அதற்குக் கீழே நான்கு நாற்காலி. இரண்டு மகன்களும் நித்தீஷும் மூன்றில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெரிய நாற்காலி காலியாக இருந்தது. கீழே, ஒவ்வொரு பங்குதாரர் மடியிலும் வருடாவருடம் கொடுக்கிற பரிசுப் பை, அதற்குள் ஒரு செகண்ட்ஸ் டீ ஷர்ட். ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்துப் போட்டது. அந்த வருடத்துச் சட்டையில் தலை போகிற ஓட்டையைத் தைத்து மூடியிருந்தது.

கம்பெனி செக்ரட்டரி சித்ரகலா மைக் பிடித்தார். சட்டம் படித்தவர், எதையும் சிரிக்காமல் சொல்கிறவர். முதல் தீர்மானம், இரண்டாம் தீர்மானம் எல்லாம் போனது. சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசம் வந்தது. சம்பளத் தீர்மானம் வருவதற்கு முன்பே மண்டபம் முழுக்கக் கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன. மேடையிலிருந்து பார்த்தால் கையில்லாத மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்திருக்கும். மூத்த மகன் வழக்கம்போல் எழுந்து கும்பிட்டார். ஒரு கை எழவில்லை. அவர் கும்பிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல், அதாலேயே தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்தார்.

சித்ரகலா தொண்டையைச் செருமினார்.

"போன வருசம் கை விசயத்துல குழப்பம் ஆயிட்டதா சில பேர் வருத்தப்பட்டீங்க. அதனால இந்தத் தடவை, சம்மதம்னா எந்திரிச்சு நில்லுங்க. சம்மதம் இல்லைன்னா உக்காந்தே இருக்கலாம்."

சகாயராஜ் அப்புசாமியின் காதில் சிரித்தார். கை மேல் உட்கார்வதைவிடச் சும்மா உட்கார்வது சுலபம். அப்புசாமி சிரிக்கவில்லை. துண்டை எடுத்து, இடுப்பைச் சுற்றி, நாற்காலியின் முதுகோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டார்.

மண்டபம் உட்கார்ந்திருந்தது. அப்படி ஓர் உட்காரலைத் திருப்பூர் பார்த்ததில்லை. பங்குதாரராக வந்திருந்த பழனாயியின் மடியில் தூங்கிய பேத்தி எழப் பார்த்தாள், பாட்டி தோளை அமுக்கினாள். இலையடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஈகூட எழவில்லை. சமையல்காரன் கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, யார் தவறிவிட்டார் என்று கேட்டான். மேடையில் மூத்தவர் இளையவரைப் பார்த்தார், இளையவர் கூரையைப் பார்த்தார். அப்புசாமிக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நிறமில்லாமல் தொட்டியில் விழுவதையும், செவலை அதில் மூக்கு முங்க உறிஞ்சுவதையும் அவர் பார்த்துவிட்டார். இதுவரைக்கும் கையால், வாயால், காலால் அவர் யாருக்கும் மறுத்ததில்லை. இப்போது பிட்டத்தால் மறுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சுலபம் என்று ஆச்சரியமாக இருந்தது.

நித்தீஷ் செல்போனில் ஏதோ தட்டினான்.

வாசல் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் கம்பு. குப்பண்ணன். பெரிய மொதலாளி. இரண்டு வருடமாக வீட்டைவிட்டு வெளியே வராதவர். அத்தனை பேருக்கும் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்து நின்றவர்.

மண்டபம் எழுந்தது. எழ வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, கால்கள் நினைத்தன. பெரியவர் உள்ளே வரும்போது உட்கார்ந்திருப்பது என்பது இந்தக் கால்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படாத வித்தை. முதல் மழைக்கு ஈசல் கிளம்புவதுபோல ஒட்டுக்காகக் கிளம்பினார்கள். நஞ்சம்மாள் முழங்கால் வலிக்காரி, மற்றவர்களுக்கு முன்னால் நின்றாள். பேத்தியைப் பழனாயியே தூக்கி நிறுத்தினாள்.

அப்புசாமி எழவில்லை என்றுதான் அவர் கடைசிவரை சொல்வார். அவர் மனதால் உட்கார்ந்திருந்தார், சத்தியமாக உட்கார்ந்திருந்தார். ஆனால் பார்வை கொஞ்சம் உயரத்திலிருந்து தெரிவதைக் கவனித்துக் குனிந்து பார்த்தபோது, கால்கள் நேராகவும் நாற்காலி முதுகிலும் இருந்தன. முடிச்சு நல்ல முடிச்சு. பொதி சுமக்கிற கழுதை மாதிரி முன்னால் சாய்ந்து நின்றார்.

பக்கத்தில் சகாயராஜும் நின்றுகொண்டிருந்தார். அப்புசாமி பார்த்த பார்வைக்கு அவர் தலைகுனிந்து பதில் சொன்னார்.

"என்னைய என்ன செய்யச் சொல்லுதீய அண்ணாச்சி. கோயில்ல எல்லாரும் எந்திச்சா நாங்களும் எந்திச்சுருவோம். சின்னதுல இருந்து அதே பழக்கம்."

பெரியவருக்குக் கண் பாதிதான் தெரியும். பூவெழுத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பெண் எங்கே என்று கேட்டார். நித்தீஷ் இறங்கி ஓடிவந்து, கல்யாணமில்லை அப்பாரு, கூட்டம் என்று காதில் கத்தினான். அவருக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. கம்பை உயர்த்தி எல்லோரையும் ஆசீர்வதித்தார். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். ஆச்சுங்க என்று மண்டபம் சொன்னது. ஒருத்தரும் சாப்பிட்டிருக்கவில்லை. சித்ரகலா அதையும் குரல் சம்மதமாகக் குறித்துக்கொண்டார்.

சக்கர நாற்காலி நடுவழியில் உருண்டு வந்து, அப்புசாமிக்கு எதிரே நின்றது.

"அதாரு, அப்புசாமியா? ஏஞ்சாமி, சொமை தூக்கீட்டு நிக்கற?"

"சும்மாதானுங்க."

பெரியவர் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தார். அந்தக் கை இலை மாதிரி லேசாக இருந்தது. அந்த முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு நாளில் நின்றுகொண்டு கேட்கிற முகம். மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"கெணத்துல தண்ணி நல்லா இருக்குதா?"

எண்ணுவதற்காகக் கீழே இறங்கியிருந்த சித்ரகலாவின் கையில் மைக், இரண்டு முழ தூரத்தில் இருந்தது. அத்தனை பேரும் அப்புசாமியைப் பார்த்தார்கள். கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய ஆள், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். இனி ஒரு சொல் போதும். பின்னாலிருந்து நஞ்சம்மாள், சொல்லப்பா என்று முனகினாள். அப்புசாமி வாயைத் திறந்தார். சொல் நெஞ்சிலிருந்து கிளம்பியதை அவர் உணர்ந்தார். தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே அது நின்று, பெரியவரின் முகத்தைப் பார்த்தது. இதைக் கேட்டால் இந்த முகம் என்ன ஆகும் என்று பார்த்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

"நல்லா இருக்குதுங்க," என்றார் அப்புசாமி. "உங்க புண்ணியத்துலங்க."

ஒலிபெருக்கி அதை மண்டபத்துக்கும், சமையலறைக்கும், ரோட்டில் போகிற டவுன் பஸ்சுக்கும் சொன்னது. பெரியவர் முகம் மலர்ந்தது. மேடைக்குத் தூக்கிக்கொண்டுபோய் நான்காவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் மண்டபம் உட்கார்ந்தது.

எண்ணிக்கையை எழுதும்போது அப்புசாமி சித்ரகலாவிடம் போய் ஒரு முறையீடு வைத்தார். கழுத்து வேர்த்திருந்தது, நாற்காலி இன்னும் முதுகில்தான் இருந்தது.

"அம்மிணி, நான் உக்காந்துதானுங்க இருந்தேன். கட்டியிருக்கறேன், பாருங்க. சேருதான் எந்திரிச்சுப் போச்சு."

சித்ரகலா பேனாவை மூடிவிட்டு அவரைச் சுற்றிவந்து பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் சட்டம் அதற்கு மேலே இருந்தது.

"சேர் கால் தரையில படலைங்களே ஐயா," என்றார். "கால் தரையில இருந்தாத்தான் உக்காந்த கணக்கு."

அது நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாற்காலி சம்மதித்ததா என்ற கேள்வியை, அது மண்டபத்துச் சொத்து, பங்குதாரர் அல்ல என்று தள்ளிவிட்டார்கள்.

பந்தியில் நித்தீஷ் தானே மைசூர்பாகு பரிமாறினான். அப்புசாமியின் இலைக்கு வந்ததும் குனிந்து, இரண்டாக வைத்தான்.

"தண்ணி நல்லா இருக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க அப்புச்சி. அதைக் கேட்டு எங்களுக்கு ரொம்பச் சந்தோசமுங்க. அப்ப மெம்பரேனுக்கு அவசரமில்லீங்களே."

கேலி செய்யவில்லை அவன். அப்படி ஒரு மரியாதையோடு சொன்னான். அப்புசாமி மைசூர்பாகு இரண்டையும் சாப்பிட்டார். மூன்றாவது வைத்தான், அதையும் சாப்பிட்டார்.

முடிச்சு அவிழவில்லை. வியர்வையில் இறுகிவிட்டது. மண்டபத்துக்காரன் நாற்காலியைத் திரும்பக் கேட்டு, அறுக்கலாமா என்றபோது, துண்டு ரங்காத்தாள் எடுத்துக் கொடுத்தது என்பதால் அப்புசாமி தயங்கினார். நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொல்லி அனுப்பினான். டவுன் பஸ்சில் எல்லோரும் நிற்க, அவர் மட்டும் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரங்காத்தாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாற்காலியோடு அவர் நிற்கிற படம் அவருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வாசலில் நின்றார். அவள் திட்டவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினாள். நெடுநேரம் ஆனது. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லிப் போடலாமுன்னுதான் வாயத் தொறந்தேன்," என்றார்.

"தெரியுமுங்க," என்றாள் அவள், துண்டைக் கடித்த வாயோடு. "நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டபிறகுதான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

மறுநாள் விடிந்தபோது கிணற்றில் புது நிறம். புதுச் சம்பளத்துக்குத் தகுந்த பெரிய ஆர்டர் ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. மயில் கழுத்துக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் இருந்த அந்த நிறத்துக்கு, பைக்கில் வந்த மெர்ச்சண்டைசர்களின் ஷேடு கார்டில் பெயரில்லை. தலைமுடிக்கு எண்ணெய் போட்ட ஒரு பையன், அடுத்த வருடம் இதுதான் என்று கூவிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். போவதற்கு முன், தண்ணீர் மாதிரிக்கு ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அப்புசாமி வாளியையே கொடுத்துவிட்டார்.

செவலை மெதுவாக வந்தது. தொட்டியில் மூக்கை வைத்தது. எடுத்தது. அப்புசாமி அதற்குள் மண்டபத்து நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டிருந்தார். மாடு அங்கிருந்தே பார்த்தது. நாற்காலி முகத்தை மறைத்ததால் அவருக்கு அது தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டத்துப் படலைத் தாண்டும்போது மட்டும் ஒரு தரம் நின்று, திரும்பாமல், "ஆகட்டும் கண்ணு, பாக்கலாம்" என்றார். பிறகு நடந்தார்.

வெள்ளாங்காட்டு நிட்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் பங்குதாரர்கள் மொத்தம் நான்கே பேர்; ஆணியில் தொங்குகிற பத்திரங்கள் எதுவும் அதில் ஏறவே இல்லை. நான்கு பேரும் அன்றைக்கு மேடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.